மதிவதனி வண்டியின் வாரண்டி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பதினோரு கிராமங்களில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாருடைய செல்போனிலும் மதிவதனியின் எண் இருக்கும். அவள் பெயரில்தான் இருக்காது. 'சினை ஊசி' என்று சிலர் போட்டு வைத்திருப்பார்கள், 'மாட்டு டாக்டரம்மா' என்று சிலர். ஒரு வீட்டில் வெறும் 'ஜெர்சி' என்றே இருக்கிறது. எப்படிப் போட்டு வைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஆனால் நேரில் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவாள்.

"நான் டாக்டர் இல்லீங்க. சினை ஊசி போடக் கத்துக்கிட்டவ. மாட்டுக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க."

வயது முப்பத்தாறு. கணவர் ராஜ்குமார் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். அறுவடை எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்டத்தில்தான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். ஆகவே வீடு நடப்பது மதிவதனியின் கையில், அதுவும் தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய இடது கையில். எட்டு வருடத்துக்கு முன் ஒரத்தநாட்டுப் பக்கம் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனபோது இருபத்து நான்கு பேரில் இரண்டே பேர்தான் பெண்கள். இன்னொருத்தி இரண்டாவது வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். இவள் இருந்துவிட்டாள். முதல் வருடம் மாட்டுக்கொட்டகைகளில் அவளைப் பார்த்து இளித்த ஆண்கள் உண்டு. "இந்த வேலைக்குப் பொம்பளையா?" என்று ஒருவர் காதுபடவே கேட்டார். மதிவதனி உறையை மாட்டிக்கொண்டே, "வாலைக் கொஞ்சம் ஒதுக்கிப் புடிங்க அண்ணே" என்றாள். மாட்டுக்குப் பின்னால் நின்று வாலைப் பிடித்துக்கொண்டு இளிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இந்த வேலையில் நேரம்தான் எல்லாம். மாடு காலையில் பருவத்துக்கு வந்து கத்தினால் சாயங்காலத்துக்குள் ஊசி போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. தவறினால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் தவறுவது என்றால் கன்று தள்ளிப் போகிறது, பால் தள்ளிப் போகிறது, தீனி மட்டும் தள்ளிப் போவதில்லை. சினை பிடிக்காமல் போனால் மாட்டுக்காரர் முதலில் குறை சொல்வது ஊசி போட்டவளைத்தான். அதற்காகவே அவள் ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறாள். மாடு எப்போது கத்தத் தொடங்கியது, தனக்கு எப்போது போன் வந்தது, எப்போது ஊசி போட்டாள் என்று மூன்று நேரங்களையும் எழுதிவிடுவாள். யாராவது கோபமாக வந்தால் அட்டையை எடுத்து வாசிப்பாள். தாமதம் தன் பக்கம் என்றால் அடுத்த ஊசிக்குக் கூலி வாங்கமாட்டாள். அவர்கள் பக்கம் என்றால் ஒரு ரூபாய் குறைக்கமாட்டாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை அந்தப் பதினோரு கிராமமும் ஏன் விட்டுவைத்திருக்கிறது என்றால், அவள் அட்டை பொய் சொன்னதில்லை என்பதால்தான்.

உறைந்த விந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனில்தான் எடுத்துப் போக வேண்டும். பார்ப்பதற்குச் சின்னப் பால்கேன் மாதிரி இருக்கும், மூடியைத் தூக்கினால் வெள்ளையாகப் புகை கிளம்பும். கேன் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்து நைட்ரஜன் கொட்டிவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை குச்சியும் வீண். புது மோட்டார் சைக்கிள் வாங்கிய இரண்டாவது வாரமே அது நடந்தது. பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த கேன், ஒரு மதகடியில் வண்டி குலுங்கியதும் சரிந்துவிட்டது. முப்பது குச்சி போச்சு. அன்று மதிவதனி அந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளே ரயில்வே கேட் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அருள்சாமியிடம் போனாள். அருள்சாமி கைகாரர். வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இந்த வண்டியில உள்ள கம்ப்யூட்டர் இருக்கு தங்கச்சி. கண்ட இடத்துல வெல்டிங் வச்சா அது கருகிப்போயிடும். பின்னாடி கைப்பிடிக் கம்பியைக் கழட்டிட்டு, கம்பெனி போட்ட அதே ஓட்டையில நாலு போல்ட்டுல ஒரு கூண்டு மாட்டித் தர்றேன்."

அப்படியே செய்தார். இரும்புக் கூண்டு, உள்ளே பழைய டியூப் ரப்பர். கேன் அதில் தொட்டில் பிள்ளையாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் ஒரு குச்சியும் வீணாகவில்லை. கூண்டோடு நின்றிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். மழைக்காலத்தில், பொழுது சாய்ந்த பிறகு வரப்பை ஒட்டிய பாதையில் வழி தெரியவில்லை என்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, தானே ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி ஹாரன் ஒயரில் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டாள். அதை அருள்சாமியிடம்கூடச் சொல்லவில்லை.

வண்டி வாங்கிப் பதினான்காவது மாதம், மாசியில், ஒரு புதன்கிழமை. சிங்காரவேலு என்ற விவசாயியின் மாடு காலையில் கத்துகிறது என்று போன் வந்தது. நாலு மாடு வைத்திருப்பவர், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. மதியம் முள்ளியாற்றுக் கரையில் போய்க்கொண்டிருக்கும்போது என்ஜினிலிருந்து 'கடகட' என்று சத்தம். இரண்டு நிமிடத்தில் சத்தமும் நின்றது, வண்டியும் நின்றது. உதைத்தால் கிக்கர் இறங்கவேயில்லை. கேனையும் வண்டியையும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தாள். சிங்காரவேலுவுக்குப் போன் செய்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "மன்னார்குடிப் பையனைக் கூப்பிட்டுக்கிறேம்மா."

மன்னார்குடிப் பையன் என்பவன் இதே வேலை செய்யும் இன்னொருத்தன். ஒரு வருடமாக அவளுடைய கிராமங்களில் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தான். வண்டி இல்லாமல் ஒரு மாதம் போனால் பதினோரு கிராமத்தில் பாதி அவன் பக்கம் போய்விடும், அப்புறம் திரும்பி வராது. இது அவளுக்கு அந்த ஆற்றங்கரையிலேயே தெரிந்துவிட்டது.

வண்டியைக் குட்டியானை மினி லாரியில் ஏற்றித் திருவாரூரில் வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனாள். ஐந்து வருட வாரண்டி இருக்கிறதே என்ற தைரியம். சர்வீஸ் மேனேஜர் பரணிதரன் மரியாதையானவர், கழுத்தில் டை கட்டியவர். வண்டியைச் சுற்றி வந்தார். என்ஜின் பக்கம் குனியக்கூட இல்லை. கூண்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. விளக்கைப் பார்த்ததும் அது இரட்டிப்பானது.

"மேடம், வண்டியில மாடிபிகேஷன் பண்ணியிருக்கீங்க. வாரண்டி கேன்சல் ஆயிடும்."

"எதுக்கு சார் கேன்சல்?"

"வெளியில எதை மாட்டினாலும் கேன்சல்தான் மேடம். என்ஜின் வேலைக்கு எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்."

எஸ்டிமேட்டில் இருந்த தொகை வண்டி விலையில் பாதியைத் தொட்டது. மதிவதனி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணைச் சுற்றிலும் ஓட்டினாள். சுவரில் கம்பிக் கார்டுகள், சேலை கார்டுகள், சீட் உறைகள், கூடுதல் ஹாரன்கள் வரிசையாகத் தொங்கின. வண்டி எடுத்த அன்று அவள் தலையிலும் மூன்றைக் கட்டியிருந்தார்கள். "இதெல்லாமும் அப்புறம் மாட்டினதுதானே சார்?" என்றாள்.

"அது எங்க அக்சசரீஸ் மேடம்" என்றார் பரணிதரன், சிரித்த முகம் மாறாமல். அவர்கள் மாட்டினால் அலங்காரம், அருள்சாமி மாட்டினால் குற்றம் என்றாகிறது. இந்த நியாயத்தை அவர் எவ்வளவு பணிவாகச் சொன்னார் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் கேட்ட அருள்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஃப்ரீ சர்வீஸ்ல கண்டுக்காம விட்டாங்க, சரி. வாரண்டி கேட்டுக் கூண்டோட யாராவது உள்ள போவாங்களா? அந்த ஷோரூமை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கே, அது எதுக்குன்னு நினைச்சே?"

அது ஊரறிந்த ஏற்பாடு. சர்வீஸுக்கு வருகிறவர்கள் முதலில் டீக்கடையில் நிறுத்துவார்கள். மூட்டை வைக்கும் கேரியர், பஸ் ஹாரன், பெரிய சைலன்ஸர் எல்லாவற்றையும் கழற்றி டீக்கடை மூலையில் போடுவார்கள். டீக்கடைக்காரர் அதற்கென்றே ஸ்பானர் செட் வைத்திருக்கிறார். வண்டி பிறந்த மேனியாக உள்ளே போகும், சர்வீஸ் முடிந்ததும் வெளியே வந்து மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகும். ஷோரூம்காரர்களுக்கும் இது தெரியும், அவர்களும் அங்கேதான் டீ குடிக்கிறார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார் அருள்சாமி. "வண்டியைத் திருப்பி எடு. கூண்டையும் விளக்கையும் கழட்டிடறேன். பழைய கைப்பிடிக் கம்பி பட்டறையிலதான் கிடக்கு. மாயவரம் பக்கம் வேற ஷோரூம்ல விடு. வாரண்டியில முடிச்சுக் குடுத்துருவாங்க."

ராஜ்குமாரும் போனில் அதையேதான் சொன்னார். "அண்ணன் சொல்றதைக் கேளு மதி. எதுக்கு வம்பு?"

மதிவதனி இரண்டு நாள் யோசித்தாள். ஆசை இல்லாமல் இல்லை. மூன்றாம் நாள் அருள்சாமியிடம் வந்து, வேண்டாம் என்றாள்.

"வாரண்டி இன்னும் நாலு வருஷம் இருக்குண்ணே. ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, நாலு வருஷம் பொய் சொல்லணுமா? அந்தக் கூண்டு இல்லேன்னா எனக்கு அந்த வண்டியே வேணாம். கூண்டோட வாரண்டி உண்டா இல்லையா, அதைத் தெரிஞ்சுக்கிறேன்."

"இல்லேன்னுதானே சொல்றாங்க?"

"அவங்க என்ஜினைத் தொறந்தே பார்க்கலை. கையை விட்டுப் பார்க்காம நான் எந்த மாட்டுக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவரு பின்சீட்டைப் பார்த்துட்டு என்ஜினுக்குச் சொல்றாரு."

அருள்சாமி தன் பழைய மொபெட்டின் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மொபெட்டில் கேனை முன்னால் காலுக்கிடையில் வைத்து, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கிராமங்களை மட்டும் ஓட்டினாள். தூரத்து ஊர்களுக்கு ஒருநாள் மினி பஸ்ஸில் போகப் பார்த்தாள். கேனிலிருந்து புகை கசிவதைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதி நடுவழியில் இறக்கிவிட்டார். வெடிக்காது என்று அவள் எவ்வளவோ சொல்லியும் பஸ்ஸில் இருந்த யாரும் நம்பவில்லை. இரண்டே வாரத்தில் மூன்று கிராமங்கள் மன்னார்குடிப் பையனிடம் போயின. மூன்றாவது ஊரும் போன அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வாரண்டிப் புத்தகத்தை எடுத்தாள்.

அது எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. போனில் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தேடித் தேடி நான்கு பக்கத்தை மூன்று நாளில் முடித்தாள். பரணிதரன் சொன்ன 'எதை மாட்டினாலும் கேன்சல்' அதில் எங்கேயும் இல்லை. கம்பெனி அங்கீகரிக்காத பொருளை மாட்டி, அது காரணமாக ஒரு பழுது வந்தால், அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடையாது என்றுதான் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்று புரிந்தது. இது அவள் மாட்டுக்காரர்களோடு எட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் அதே வழக்கு. கெட்டது எது, கெடுத்தது எது என்று இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் குறை சொல்ல முடியும்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கூண்டையும் கேனையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாள். கூண்டை மட்டும் ஷோரூமில் கேட்டு, வண்டியிலிருந்து கழற்றி வாங்கி வந்திருந்தாள், எடை பார்த்துத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு. சம்பா நெல் மலை மலையாகக் குவிந்து கிடக்க, எடை மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இரண்டையும் தூக்கி மேசையில் வைத்தாள்.

எடை போடுபவர் கேனை மேலும் கீழும் பார்த்து, நெல்லுக்குக் கேட்பதுபோலவே கேட்டார். "ஈரப்பதம் எவ்வளவும்மா இருக்கு?" வரிசை முழுக்கச் சிரித்தது. மதிவதனியும் சிரித்துவிட்டாள். பதினோரு கிலோ எண்ணூறு கிராம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பிறகு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். மின்னஞ்சலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. வண்டியில் தான் மாட்டிய பொருள் இரண்டு என்று ஆரம்பித்து, கூண்டு, கேனோடு அதன் எடை, அது எந்த ஓட்டையில் மாட்டப்பட்டது, விளக்கு, அது எந்த ஒயரில் சேர்க்கப்பட்டது என்று ஒன்று விடாமல் எழுதினாள். "பின்சீட்டில் ஓர் ஆள் உட்காரலாம் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. அந்த ஆள் பன்னிரண்டு கிலோவுக்குக் குறைவாக இருக்கமாட்டார். என்ஜினில் எந்தப் பாகம் கெட்டது, நான் மாட்டிய இரண்டில் எது அதைக் கெடுத்தது, எப்படிக் கெடுத்தது என்று என் முன்னால் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுக்கவும். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்."

வாசித்துப் பார்த்த அருள்சாமிக்கு ஒரே பதைப்பு. "விளக்கை எதுக்கு எழுதினே? தன்னைத் தானே யாராவது காட்டிக்கொடுப்பாங்களா?"

"மாட்டினது நான்தானேண்ணே" என்றாள்.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. அடுத்த வியாழக்கிழமை தஞ்சாவூரிலிருந்து கம்பெனி என்ஜினியர் வருகிறார், வாடிக்கையாளர் நேரில் வரலாம்.

என்ஜினியர் ஜெரால்ட் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மதிவதனி கேனோடும் திருப்பிக் கொண்டுவந்த கூண்டோடும் வந்திருந்தாள், துணைக்கு அருள்சாமி. பரணிதரன் முந்திக்கொண்டார்.

"சார், வண்டியில கூண்டு, லைட்டு எல்லாம் மாட்டி கண்டபடி ஓட்டியிருக்காங்க. அதான் என்ஜின் போச்சு. பிரிச்சுப் பார்க்கணும்னு அவசியமே இல்லை."

மதிவதனி எழுந்து நின்றாள்.

"சார், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த வாரம் அந்த மாட்டுக்கு மடிநோய் வருது. கொம்புல பெயின்ட் இருக்கு, அதனாலதான் மடி வீங்கிருச்சு, வைத்தியம் பார்க்கமாட்டேன்னு ஒரு டாக்டர் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா? மடியைத் தொட்டுப் பாருங்க சார். அதுக்கப்புறம் எதுன்னாலும் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

சர்வீஸுக்கு வந்து உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரால்ட் மெக்கானிக்கைப் பார்த்து, "பிரிங்க" என்றார்.

பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மதிவதனி ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு நட்டும் கழல்வதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நடுவில் இரண்டு போன் வந்தது, இரண்டுக்கும் சாயங்காலம் வருகிறேன் என்றாள். ஒருவேளை கூண்டுதான் காரணம் என்று வந்துவிட்டால்? வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், மாட்டை விற்றாவது வண்டியைச் சரிசெய்ய வேண்டியதுதான் என்று மனத்தில் முடிவுகட்டி வைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் இருப்பதே ஒரு மாடுதான்.

என்ஜினின் தலைப்பகுதி காய்ந்து நீலம் பாய்ந்து கிடந்தது. எண்ணெய் அங்கே ஏறவே இல்லை. ஜெரால்ட் என்ஜினின் கீழ்ப்பகுதிக்கு வந்து, எண்ணெய் வடிகட்டும் சின்ன வலையை இடுக்கியால் வெளியே எடுத்தார். வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி துணுக்குகள் அடைத்திருந்தன. ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"கேஸ்கெட் பேஸ்ட்" என்றார். என்ஜின் மூடியைப் பொருத்தும்போது கசிவு வராமல் இருக்கத் தடவும் பசை அது. அளவுக்கு மீறித் தடவினால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து எண்ணெய்க்குள் விழும். "இந்த மூடியை யார் கழட்டினது?"

அருள்சாமி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "நான் என்ஜினைத் தொட்டதே இல்லை சார்."

ஒவ்வொரு சர்வீஸிலும் செய்த வேலையை எழுதி வைக்கும் பழைய ஜாப் கார்டுகளை ஜெரால்ட் கேட்டார். இரண்டாவது இலவச சர்வீஸில், ஆயில் கசிகிறது என்று மதிவதனி சொன்னதற்காக, இதே ஷோரூமில், இதே மூடியைக் கழற்றிப் பசை தடவி மாட்டியதாக எழுதியிருந்தது. கீழே பரணிதரனின் கையெழுத்து.

பரணிதரன் டையைத் தளர்த்திக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "சார், அந்த லைட்டையும் பாருங்க. ஒயர் கண்டிப்பா கருகியிருக்கும்."

டேங்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான். ஹாரன் ஒயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகி, டேப் உருகி ஒட்டிப்போயிருந்தது. அருள்சாமி முகம் செத்துவிட்டது. பரணிதரன், "பார்த்தீங்களா சார்?" என்றார்.

"அது நான் பண்ணினது சார்" என்றாள் மதிவதனி. "வீடியோ பார்த்து நானே சேர்த்தேன். ஹாரன் வேலை செஞ்சு ரெண்டு மாசம் ஆகுது."

ஜெரால்ட் கருகிய ஒயரைத் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் விட்டிருந்தா வண்டியே பத்தியிருக்கும்மா. இனிமே இந்த வேலை பண்ணாதீங்க."

"பண்ணமாட்டேன் சார்."

"ஆனா ஆயில் பம்பை ஒயர் சுத்தலை, என்ஜின்தான் சுத்துது. ஒயர் கருகினதுக்கும் ஆயில் ஏறாததுக்கும் சம்பந்தமில்லை. கூண்டுக்கும் இல்லை." பரணிதரன் பக்கம் திரும்பினார். "என்ஜினை வாரண்டியில முடிச்சுக் குடுங்க." அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டு ஜெரால்ட் கிளம்பிவிட்டார்.

அருள்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதிவதனி கேன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

வண்டி தயாராக ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் காலை வண்டியை எடுக்கப் போனபோது என்ஜின் புதிதாகப் பேசியது. கூண்டு அதன் இடத்தில் இருந்தது. பரணிதரன் ஏசி அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"மேடம், என்ஜின் முழுக்க ஃப்ரீ. அந்த ஹாரன் ஒயர் இருக்கே, அது நியாயமாப் பார்த்தா உங்க செலவு. அதையும் நாங்களே புதுசா போட்டுட்டோம். ஒரு பைசா குடுக்க வேணாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அருள்சாமி அவள் முழங்கையை இடித்தார், போட்டுத் தொலை என்பதுபோல. மதிவதனி தாளை மெதுவாக வாசித்தாள். எறும்பு எழுத்து இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. மாற்றம் செய்யப்பட்ட இந்த வண்டிக்கு வாரண்டி பொருந்தாது என்றாலும், வாடிக்கையாளர் நலன் கருதி, நல்லெண்ண அடிப்படையில், என்ஜினும் ஒயரும் இலவசமாகச் செய்து தரப்பட்டன என்றிருந்தது.

தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"இது வேணாம் சார். ஒயருக்கு பில் போடுங்க."

"ஃப்ரீன்னு சொல்றேனே மேடம்?"

"நீங்க தயவுல செஞ்சதா எழுதியிருக்கீங்க. இன்னைக்குத் தயவு இருக்கு, அடுத்த வருஷம் இல்லேன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது? என்ஜினுக்கு வாரண்டின்னு எழுதுங்க. கூண்டால வாரண்டி போகலைன்னு என்ஜினியர் சொன்னதையும் எழுதுங்க. ஒயர் நான் கெடுத்தது, அதுக்குத் தனியா பில் போடுங்க."

"மேடம், சின்னத் தொகை. எதுக்கு..."

"போடுங்க சார்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுப் பதினோரு கிராமத்து ஆண்கள் வாலைப் பிடித்திருக்கிறார்கள். பரணிதரன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு தாள் அச்சடித்தார். ஒன்று ஹாரன் ஒயருக்கான பில், வாடிக்கையாளரின் தவறு என்று. இன்னொன்று ஜாப் கார்டு. என்ஜின், வாரண்டியில், ஷோரூமில் மூடியைப் பொருத்தும்போது நேர்ந்த குறை. பின் கூண்டுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை.

மதிவதனி இரண்டையும் கடைசி வரிவரை வாசித்தாள். பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி பில்லின் மேல் வைத்தாள். ஜாப் கார்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"என் தப்புக்கு நான் காசு குடுத்துட்டேன் சார். உங்க தப்புக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க."

பரணிதரன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.